சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும்

அண்ணாச்சிக்கு வணக்கம். வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். லாரி சரக்குக் கட்டணம் கணக்கிடும் நிரலில் நான்கு நிபந்தனைகளையும் இரண்டு கழிவுகளையும் ஒரே வரியில் அடக்கி எழுதினேன். பிழையில்லாமல் ஓடுகிறது. சரிபார்த்த மூத்தவரோ, ஐந்து வரியாகப் பிரித்து எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். நூலுக்குரிய பத்து அழகில் நன்னூல் முதலில் வைப்பதே 'சுருங்கச் சொல்லல்'தானே? கணினிக்கு இரண்டும் ஒன்றுதான் என்னும்போது எதற்காக நீட்ட வேண்டும்?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

சுருங்கச் சொல்லலுக்கு அடுத்தபடியாகவே பவணந்தியார் வைத்திருப்பது 'விளங்க வைத்தல்'. பத்துக் குற்றங்களில் முதலாவது 'குன்றக் கூறல்'. அதே வரிசையில் 'மயங்க வைத்த'லும் இருக்கிறது. உங்கள் மூத்தவர் நீட்டச் சொல்லவில்லை, மயங்க வைக்காதே என்கிறார்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்முதல் கணக்கு எழுதிக் கொடுத்தேன். நெல்லில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினாலோ, பதர் கூடுதலாக இருந்தாலோ எடையில் கழிவு உண்டு. களத்திலேயே கழித்திருந்தால் ஆலையில் மறுபடி கழிக்கக் கூடாது. நான் எழுதிய வரி இது: 'ஈரம் அதிகம் அல்லது பதர் அதிகம் மற்றும் களத்தில் கழிக்கவில்லை'. அடைப்புக்குறி போடவில்லை. வாய்விட்டுப் படித்தால் சரியாகத்தான் ஒலிக்கும். ஆனால் நாம் புழங்கும் கணினி மொழிகளில் பெரும்பாலானவற்றில் 'மற்றும்' முதலில் சேரும், 'அல்லது' பிறகுதான். கணினி பதரையும் களக் கழிவையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டு ஈரத்தைத் தனியே விட்டுவிட்டது. ஈர நெல் கொண்டுவந்தவர்களுக்கெல்லாம், களத்தில் கழித்திருந்தாலும், மறுபடியும் கழிந்தது.

பிசான அறுவடை மும்முரத்தில் ஒரு பெரியவர் சீட்டைக் கணக்கப்பிள்ளையின் மேசையில் வைத்தார். "களத்திலேயே கழித்துவிட்டார்களே, மறுபடியும் எதற்கு?" கணக்கப்பிள்ளை சீட்டை என்னிடம் நீட்டினார். நான் எழுதிய வரியை நானே நாலு தடவை படித்தும் பதில் சொல்ல முடியவில்லை. பெரியவர் அவ்வளவு நேரமும் நின்றுகொண்டே இருந்தார். இப்போது நினைத்தாலும் நெஞ்சு சுருக்கென்கிறது.

அன்று மாலை வரியை உடைத்தேன். ஈரமோ பதரோ கூடுதல் என்பதற்குத் 'தரக்குறைவு' என்று பெயர். களத்தில் கழித்ததற்கு 'முன்கழிவு' என்று பெயர். மூன்றாவது வரி: 'தரக்குறைவு இருந்து, முன்கழிவு இல்லையென்றால் கழி.' நிரல் பக்கமே வராத கணக்கப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். "இதைத்தானே நாங்கள் காலங்காலமாகச் செய்கிறோம்" என்றார். பழைய வரியைக் காட்டியிருந்தால் தலையாட்டியிருப்பாரே தவிர, தவறைப் பிடித்திருக்க வழியில்லை.

கணினிக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது உண்மை. இடையில் வைக்கும் பெயர்களை நல்ல கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்) பெரும்பாலும் கரைத்துவிடும், வேகம் குறையாது. செலவில்லாமல் மனிதருக்கு விளங்குமென்றால் ஏன் தயங்க வேண்டும்? எந்தக் குறி முதலில் சேரும் என்னும் முன்னுரிமை விதிகள் மனப்பாடம் என்பீர்கள். சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியே, பிட்டுகளை, அதாவது 0, 1 இலக்கங்களை, இணைக்கும் 'மற்றும்' குறியை முன்னுரிமையில் சமன் பார்க்கும் குறிக்குக் கீழே விட்டுவைத்ததைப் பற்றி, மேலே ஏற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு எழுதினார். அடைப்புக்குறி போடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

மறுப்புக்கு மேல் மறுப்பு வந்தாலும் அவிழ்த்துவிடுங்கள். 'உறுப்பினர் அல்லாதவரோ நிலுவை உள்ளவரோ இல்லையென்றால்' என்பது, 'உறுப்பினராகவும் நிலுவை இல்லாதவராகவும் இருந்தால்' என்பதேதான். இப்படித் திருப்பும் விதி எவர் பெயரால் வழங்குகிறதோ, அந்த அகஸ்டஸ் டி மோர்கன் 1806இல் பிறந்தது நம் பக்கத்து மதுரையில். அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

எல்லாவற்றையும் உடைக்கச் சொல்லவில்லை. அளவை விலையால் பெருக்குவதை அப்படியே விட்டுவிடலாம். 'தற்காலிகம் 1', 'தற்காலிகம் 2' என்று பெயர் வைத்துப் பிரிப்பது பிரிக்காததைவிட மோசம். கட்டணம் வசூலிப்பவர்கள் தங்களுக்குள் எந்தச் சொற்களைப் புழங்குகிறார்கள் என்று கேளுங்கள். அந்தச் சொல் கிடைக்கும் இடத்தில் உடையுங்கள். ஐந்து வரி வராமல் மூன்றிலேயே முடியலாம். முடிந்ததும் மூத்தவருக்கு அனுப்பும்போது எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.