ஐந்தாவது கால்

அன்புள்ள ஐயா,

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் வசிக்கிறோம். மகளுக்கு ஏழு வயது, தரம் 2 இல் படிக்கிறாள். போன தவணை விடுமுறையில் யாரும் சொல்லாமலே ஒரு கதை எழுதத் தொடங்கினாள். எங்கள் பல்கனிக்கு வரும் காகம் ஒன்று இறால் வடை சாப்பிட ஆசைப்பட்டு, ஓட்டோ பிடித்துக் காலிமுகத்திடலுக்குப் போகிறது. படங்களும் அவளுடையவைதான். செப்டெம்பர் புத்தகக் கண்காட்சிக்கு முன்னர் 200 பிரதிகள் அச்சிடுவோம் என்றார் கணவர். அதற்காக எழுத்துப் பிழைகளைத் திருத்தி, பேச்சுச் சொற்களை மாற்றித் தட்டச்சுச் செய்தேன். படங்களை அழகாக வரைந்து தர ஓர் ஓவியரையும் பிடித்தோம். இப்போது மகள் அந்தக் கொப்பியைத் தொடுவதே இல்லை. காகம் இன்னும் ஓட்டோவுக்குள்தான் இருக்கிறது. முடிவை நானே எழுதிவிடலாமா? புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். என்ற அடையாள எண் கட்டாயமா? அவளை மறுபடியும் எழுத வைப்பது எப்படி?

வெள்ளவத்தை வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த ஓவியரை நிறுத்துங்கள். முற்பணம் கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

இதை நான் உங்களைக் குறை சொல்லும் தகுதியோடு எழுதவில்லை. என் மகன் எட்டு வயதில் ஒரு ராசாவின் கதை எழுதினான். பத்துப் பக்கம். ஏழாம் பக்கத்தில் ராசாவின் குதிரைக்கு ஐந்து கால்கள். அவன் தூங்கிய பிறகு அழிறப்பரை எடுத்து ஒரு காலை அழித்தேன். மற்ற நான்கையும் கொஞ்சம் சீராக்கினேன். காலையில் அவன் அந்தப் பக்கத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் புத்தகம் எதுவும் செய்யவில்லை. பல ஆண்டுகள் கழித்து, மீசை முளைத்த பிறகு ஒரு நாள் சொன்னான்: "அது ஓடிக்கொண்டிருந்த குதிரை, அப்பா." அந்தக் கொப்பி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சரித்துப் பிடித்தால், பென்சில் அழுந்திய பள்ளத்தில் ஐந்தாவது கால் தெரிகிறது.

பெரியவர்களுக்குப் பிழையாகத் தெரிவது பெரும்பாலும் பிள்ளை யோசித்துச் செய்ததாக இருக்கும். இந்த வயதில் வீட்டை வரைந்தால் சுவரையும் தாண்டி உள்ளே இருக்கும் அம்மம்மா தெரிவார். ஓட்டோவை வரைந்தால் மூன்று சில்லுகளும் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். மூன்று இருப்பது அவளுக்குத் தெரியும், ஒன்றை மறைத்துவிட்டால் அவள் கணக்கில் அது பொய். நீங்கள் பிடித்த ஓவியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அப்படி ஓர் ஓட்டோவை வரைய மாட்டார்.

எழுத்துப் பிழை விடயத்துக்கு வருகிறேன். டெய்சி ஆஷ்போர்ட் என்ற ஆங்கிலச் சிறுமி ஒன்பது வயதில் ஒரு கதை எழுதினாள். அவள் வளர்ந்து பெரியவளான பிறகு, 1919 இல் அது அச்சானது. பிழைகளை அப்படியே விட்டார்கள்; தலைப்பிலேயே ஒன்று இருக்கிறது. புத்தகம் அமோகமாக விற்றது. உங்கள் மகள் 'காகம் அளுதது' என்று எழுதியிருந்தால், அந்த 'ள' இன்னும் இரண்டு ஆண்டுகளில் தானாகவே 'ழ' ஆகிவிடும். பாடக் கொப்பியில் ஆசிரியை திருத்தட்டும். அது அவருடைய வேலை. கதைக் கொப்பியில் சிவப்புப் பேனை வேண்டாம். "இந்தச் சொல்லை எப்படி எழுதுவது?" என்று அவளாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள், அதுவும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்டினால் போதும்.

பேச்சுச் சொற்களை மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. உங்கள் வீட்டில் அம்மம்மா 'பேந்து' என்று கதை சொல்பவராக இருந்தால், பேத்தியின் காகமும் 'பேந்து'தான் ஓட்டோவில் ஏறும். அதைப் 'பின்னர்' என்று மாற்றினால், அந்த இடத்தில் அம்மம்மாவின் குரல் நின்றுபோகிறது. எழுதக் கை வலிக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுவதாக இருந்தாலும் இதே விதிதான். அவள் சொன்ன சொல், சொன்ன வரிசையில். கோர்ட்டில் சாட்சியின் வாக்குமூலத்தை எழுதும் சுருக்கெழுத்தாளரைப் போல இருங்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. தட்டச்சு செய்ததைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு வெற்றுப் புத்தகம் தைத்துக் கொடுங்கள். நான்கு ஏ4 தாள்களைக் குறுக்கே மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 16 பக்கம். வெளியே ஒரு பிறிஸ்டல் போட் அட்டை. மடிப்பில் மூன்று துளைகள், நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று. இரட்டை நூல் கோர்த்த ஊசியை உள்ளேயிருந்து நடுத் துளை வழியாக வெளியே விடுங்கள். மேல் துளையால் உள்ளே வந்து, கீழ்த் துளையால் வெளியே போய், மறுபடி நடுத் துளையால் உள்ளே வாருங்கள். உள்பக்கம் மேலிருந்து கீழாக நீண்டு கிடக்கும் நூலுக்கு இரு புறமும் நுனிகள் வரும்படி வைத்து, அதன் மேலேயே முடிச்சுப் போடுங்கள். பத்து நிமிட வேலை. ஸ்டேப்ளர் அடித்தாலும் புத்தகம்தான், ஆனால் தைத்ததைப் பிள்ளைகள் கையாளும் விதமே வேறு. எனக்குத் தெரிந்த ஒரு சிறுவன் முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, கை கழுவி வந்துதான் எழுத உட்கார்ந்தான்.

தைக்கும் முன்னர் அவளுக்கு ஒரு வேடிக்கை காட்டுங்கள். பக்க எண்களைப் போட்டுவிட்டுத் தாள்களைப் பிரித்தால், 1 க்குப் பக்கத்தில் 16 இருக்கும், 2 க்குப் பக்கத்தில் 15. எந்தத் தாளை எடுத்தாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 17. கடைகளில் கிடைக்கும் படக்கதைகள் பல 16, 24, 32 பக்கங்களில் நின்றுவிடுவதும் இந்த மடிப்புக் கணக்கால்தான். ஒரு சனிக்கிழமை, உங்கள் ஊரிலேயே இருக்கும் தமிழ்ச் சங்க நூலகத்துக்கோ, பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கோ கூட்டிப் போய் எண்ணிப் பார்க்க விடுங்கள். அங்கேயே இன்னொன்றும் செய்யலாம். எழுத்தைக் கையால் மறைத்துப் படத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு படத்தை மறைத்து எழுத்தை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லாத ஒன்று படத்தில் இருப்பதை அவளே கண்டுபிடிப்பாள். 'காகத்துக்குப் பயமே இல்லை' என்று எழுதிவிட்டு, இருக்கையின் அடியில் ஒளிந்திருக்கும் காகத்தை வரைய அப்புறம் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

200 பிரதிகள் எதற்கு? பத்துப் போதும். எல்லாப் பக்கங்களும் முடிந்ததும் நூலை அவிழ்த்து, காலி வீதியில் ஏதாவது ஒரு கொமியூனிகேஷன் கடையில் இரு பக்கமும் போட்டோ கொப்பி எடுங்கள். மெல்லிய பென்சில் கோடு போட்டோ கொப்பியில் விழாது, ஆகையால் அதற்கு முன்னர் கறுப்புப் பேனையால் அவளே கோடுகளின் மேல் வரையட்டும். நிறத்தை மூலப் படத்தில் தீட்டாமல், கொப்பி எடுத்த பிறகு ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தீட்டினால் ஒரு பிரதியில் சிவப்பு ஓட்டோ, இன்னொன்றில் பச்சை ஓட்டோ. எதைப் பெரியப்பாவுக்குக் கொடுப்பது, எதை வகுப்புத் தோழிக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய அவளுக்கு ஒரு நாள் முழுவதும் வேண்டியிருக்கும்.

ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொழும்பு 7 இல் உள்ள தேசிய நூலகம் வழங்குகிறது. விற்பனைக்கு விடும் புத்தகத்துக்கு அது உதவும். பத்துப் பிரதிக்குத் தேவையில்லை. பின்னட்டையில் பார் கோடும் விலையும் அவளே வரைந்துகொள்வாள். இந்த வயதுப் பிள்ளைகள் விலை போட மறப்பதே இல்லை.

முடிவை நீங்கள் எழுதலாமா என்று கேட்டீர்கள். நம் நாட்டில் சிபில் வெத்தசிங்க என்றொரு மூதாட்டி இருந்தார், சிங்களச் சிறுவர் கதைகளை எழுதித் தானே படமும் வரைந்தவர். 2020 இல் மறைந்தார். கடைசிக் காலத்தில் ஒரு கதையைச் சொல்லி, முடிவைப் பிள்ளைகளிடமே விட்டார். அவர்கள் எழுதிய 1,250 முடிவுகளோடு வந்த அந்தப் புத்தகம் கின்னஸ் சாதனையானது. ஆயுள் முழுவதும் கதை சொன்னவரே பிள்ளைகளிடம் முடிவு கேட்டிருக்கும்போது, நீங்களும் நானும் அதில் ஏன் கை வைக்க வேண்டும்?

ஆனால் "முடிவு எழுது" என்று அவளை நச்சரிக்கவும் வேண்டாம். ஒரு முறை மன்னிப்புக் கேளுங்கள், உன் கதையை உன்னைக் கேட்காமல் மாற்றிவிட்டேன் என்று. பழைய கொப்பியையும் புதிதாகத் தைத்த வெற்றுப் புத்தகத்தையும் அவள் மேசையில் வைத்துவிட்டு, சமையல் வேலையைப் பாருங்கள். ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். வேறு கதையைத் தொடங்கினால் அதுவும் சரி.

பல்கனியில் காகம் வந்து உட்காரும் நேரமாகப் பார்த்து ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம், அதுவும் நான் கேட்கச் சொன்னதாக. ஓட்டோக்காரருக்குக் கொடுக்க அந்தக் காகத்திடம் காசு இருந்ததா? பதில் சொன்னாள் என்றால் எனக்கும் எழுதுங்கள்.