எச்4 விசாவில் லைப்ரரி கார்டு: ஹேகர்ஸ்டவுனுக்குப் புதுசா வந்தவங்களுக்கு

மேரிலாந்து ஹேகர்ஸ்டவுனுக்கு வந்து ரெண்டு வாரம்தான் ஆகுது, எச்4 விசா (எச்1பி-ல வேலை பார்க்கிறவரோட துணைக்குத் தர்ற விசா), எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) இல்லை, காரும் இல்லை. லைப்ரரி கார்டு தருவாங்களா, தமிழ்ப் புத்தகம் கிடைக்குமான்னு கேட்டிருந்தீங்க.

தருவாங்க. எஸ்எஸ்என் வேண்டியதில்லை. நீங்க யாரு, எங்க குடியிருக்கீங்க, இந்த ரெண்டுக்கும் காகிதம் வேணும். முதலாவதுக்கு பாஸ்போர்ட் போதும். சிக்கல் ரெண்டாவதுல. வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் எல்லாம் பெரும்பாலும் உங்க கணவர் பேர்ல மட்டும் இருக்கும். அபார்ட்மெண்ட் ஆபீஸ்ல சொல்லி ஒப்பந்தத்துல உங்க பேரையும் சேர்த்துடுங்க. இல்லன்னா முகவரியோட ஜாயிண்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மெண்ட் கொண்டுபோங்க. பேர் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே இருக்கட்டும். இனிஷியலை ஒரு இடத்துல விரிச்சு, இன்னொரு இடத்துல சுருக்கினா அவங்க கணக்குல அது ரெண்டு ஆளு.

கார் இல்லாத வாசகர், ஹேகர்ஸ்டவுன்ல இருக்கிற வாஷிங்டன் கவுண்ட்டி (மாவட்ட) லைப்ரரிக்குப் புதுசில்லை. 1901ல திறந்தப்ப லைப்ரரியனா வந்த மேரி டிட்கோம்ப், முதல்ல கிராமத்துக் கடைகளுக்கும் தபால் ஆபீஸுக்கும் புத்தகப் பெட்டி அனுப்பினாங்க. தள்ளி இருந்த பண்ணை வீடுகளுக்கு அது எட்டலை. 1905ல குதிரை வண்டியே விட்டாங்க. அமெரிக்காவோட முதல் நடமாடும் நூலகம்னு சொல்றது இதைத்தான். சலவைக்காரர் வண்டி மாதிரி தெரியக்கூடாதுன்னு அலங்காரமே இல்லாம பெயிண்ட் அடிக்கச் சொன்னாங்க. விளைவு, ஒரு பண்ணை வீட்டுலேர்ந்து "பிண வண்டி இங்க வேண்டாம், நிறுத்தாதே"ன்னு பதறின குரல். உடனே சக்கரத்துக்குச் சிவப்பு அடிச்சாச்சு. 1910ல கிராசிங்ல சரக்கு ரயில் மோதி வண்டி நொறுங்கிப்போச்சு, 1912ல மோட்டார் வண்டி வந்துச்சு. இப்ப புக்மொபைல் (நடமாடும் நூலக வண்டி) உங்க பக்கம் எந்தக் கிழமை வருதுன்னு கார்டு வாங்குறப்பவே கேட்டுக்குங்க.

தமிழ்ப் புத்தகத்தை அங்க அலமாரியில தேடாதீங்க. இன்டர்லைப்ரரி லோன்னு கேளுங்க, வெளி லைப்ரரிகள்ல இருந்து வரவழைப்பாங்க. சிகாகோ மாதிரி பல்கலைக்கழகங்கள்ல தமிழ் நிறைய இருக்கு; 1960கள்ல இந்தியாவுக்குக் கோதுமை வித்து வந்த ரூபாயில அமெரிக்கா வாங்கிக் குவிச்ச புத்தகங்கள் அதுல கணிசம்.

தேடுறப்பதான் பலரும் கோட்டை விடுறாங்க. நாம ஆங்கிலத்துல எழுதுற ஸ்பெல்லிங் கேட்டலாக்ல இருக்காது. அங்க ஒலியைப் பார்க்க மாட்டாங்க, தமிழ் எழுத்தைத்தான் பார்ப்பாங்க. 'செல்வன்' எஸ் (S) எழுத்துல இல்லை, சி (C) எழுத்துல தொடங்கும். 'காந்தி'க்கு ஜி இல்லை, கே. 'தமிழ்' கடைசியில இசட்எச் போட்டா ஒண்ணும் வராது, எல் மட்டும். ஐஎஸ்பிஎன் (புத்தகத்துல அச்சாகியிருக்கிற அடையாள எண்) இருந்தா இந்தத் தலைவலியே இல்லை, ஆனா பழைய பதிப்புகள்ல அது இருக்காது.

வந்த புத்தகத்து அட்டையில ஒரு காகிதப் பட்டை சுத்தியிருந்தா கழட்டாதீங்க. கெடு தேதி அதுலதான் இருக்கும், எந்த லைப்ரரிக்குத் திருப்பணும்னு பார்க்கிறதும் அதை வெச்சுத்தான். தெருவோரப் பெட்டியில போடாம கவுண்ட்டர்ல கையில கொடுங்க.