வாசகர் கேள்விகள்: சியோலுக்கு வேலை தேடி வந்த பெண்கள்

கேள்வி: பழைய கொரியப் படங்களில் கிராமத்திலிருந்து சியோலுக்கு வேலைக்கு வரும் பெண், ஒன்று சீரழிகிறாள், இல்லை செத்துப்போகிறாள். இயக்குநர்களுக்கு அவள்மேல் அப்படி என்ன கோபம்?

பதில்: கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். 1960-ல் சுமார் 25 லட்சம் பேர் இருந்த சியோலில் பத்தே ஆண்டுகளில் 55 லட்சம் பேர் ஆகிவிட்டார்கள். வந்தவர்களில் ஏராளமான இளம்பெண்கள். துணி ஆலைகளுக்கும் அவர்கள் வேண்டும், புதிதாக வசதி வந்த வீடுகளில் சமைக்கவும் துவைக்கவும் அவர்களே வேண்டும். முன்பின் தெரியாத ஒருத்தி வீட்டுக்குள்ளேயே தங்குகிறாள் என்ற பதற்றத்தைத்தான் கிம் கி-யங் 1960-ல் 'தி ஹவுஸ்மெய்ட்' படமாக எடுத்தார். மாடிவீடு வேண்டும் என்று மனைவி ஓயாமல் தையல் மெஷினை மிதித்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாள், அதனால்தான் வேலைக்காரியே வருகிறாள், தப்பு செய்வதில் கணவனுக்கும் பங்கு இருக்கிறது, ஆனாலும் நம் மனதில் பேயாக நிற்பது அந்த வேலைக்காரி மட்டும்தான்.

1975-ல் வந்த 'யங்-ஜாவின் பொற்காலம்' படத்தைப் பாருங்கள். யங்-ஜா வீட்டுவேலை செய்கிறாள், முதலாளி மகன் அவளைக் கெடுக்கிறான், வெளியே துரத்துகிறார்கள், அப்புறம் தையல், பஸ் கண்டக்டர் வேலை, நெரிசலான பஸ்ஸிலிருந்து விழுந்து ஒரு கை போகிறது, கடைசியில் பாலியல் தொழில். ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அன்றைய சியோலில் என்னென்ன கதவுகள் திறந்தன என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்டவில்லை.

எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில். சியோலுக்குப் பக்கத்து நகரமான இஞ்சியோனில் டோங்கில் ஜவுளி ஆலைப் பெண்கள் 1972-ல் ஒரு பெண்ணையே தொழிற்சங்கத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் துணிச்சல்காரி அக்காலத் திரையில் எங்கே? அன்றைய சர்வாதிகார அதிபர் பார்க் சுங்-ஹீ ஆட்சியின் தணிக்கை மதுக்கூடப் பெண்ணின் கண்ணீரை விட்டுவைத்தது, சங்கம் கட்டும் பெண்ணை அல்ல. அதனால் அந்தத் தலைமுறையே அழுதுகொண்டிருந்தது போல நமக்குத் தோன்றுகிறது.

கேள்வி: இப்போதாவது மாறியிருக்கிறதா?

பதில்: மாறியிருக்கிறது, பெண்கள் படம் இயக்க வந்ததும் அதற்கு முக்கியக் காரணம். ஜியான் கோ-வூனின் 'மைக்ரோஹேபிடாட்' (2017) நாயகி மிசோவும் வீட்டுவேலைதான் செய்கிறாள். வாடகையும் சிகரெட் விலையும் ஏறியதும் சிகரெட்டையும் விஸ்கியையும் வைத்துக்கொண்டு அறையைக் காலி செய்கிறாள், படம் அவளைத் தண்டிக்கவே இல்லை. பழைய படங்கள் பலவற்றைக் கொரியத் திரைப்படக் காப்பகமே யூடியூபில் ஆங்கில சப்டைட்டிலோடு இலவசமாகத் தருகிறது, 'ஹவுஸ்மெய்ட்'டை முதலில் பார்த்துவிட்டு 'மைக்ரோஹேபிடாட்'டுக்கு வாருங்கள்.