பூட்டிய அலமாரியில் நுணுக்குக்காட்டி

அன்பின் ஐயா,

மகள் உயர்தரத்தில் பயோ. இரண்டாம் முறையும் மெடிசின் வெட்டுப்புள்ளி கிட்டவில்லை. அமெரிக்காவில் நோர்த் கரோலினாவின் உள்ளூர்க் கல்லூரிகள் மருந்து ஆலைகளுக்கு ஆட்களைத் தயார்செய்வதாக ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். கேட்க நல்லாத்தான் இருந்தது. திருகோணமலையில் மருந்துக் கொம்பனி எங்கே இருக்கு? படிச்சுப்போட்டுப் பிள்ளை எங்கே போறது?

ஒரு தாய், உப்புவெளி

அன்பின் சகோதரிக்கு,

கேள்வி நியாயமானது. வேலை இல்லாத ஊரில் பயிற்சி மட்டும் கொடுத்தால், பிள்ளை சான்றிதழோடு கொழும்பு பஸ் ஏறும்.

நோர்த் கரோலினாவில் ஆய்வு நிறுவனங்கள் ஒன்றுகூடும் ஆராய்ச்சிப் பூங்கா 1959 இலேயே வந்துவிட்டது. பிறகு புகையிலையும் நெசவும் சரிந்தன. சிகரெட் கொம்பனிகள் கட்டிய இழப்பீட்டில் ஒரு பங்கைக் கொண்டு 1999 இல் தொடங்கிய நிதியம், பின்னாளில் இந்தப் பயிற்சிக்கும் பணம் போட்டது. அங்கே 58 சமுதாயக் கல்லூரிகள். பட்டம் இல்லாதவரும் 'பயோவேர்க்' என்ற குறும்பாடநெறியில் சேரலாம். எழுதிவைத்த செய்முறையைப் பிசகாமல் செய்வது, செய்த உடனேயே பதிவேட்டில் எழுதுவது, இவைதான் அதன் உயிர். அந்த ஊர் ஆலைக்கு என்ன தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டு அமைத்த பாடம் அது.

நம் ஊரில் யாரிடம் கேட்பது? சீனக்குடா மாவாலையில் ஈரப்பதனும் புரதமும் அளக்கிறார்கள். குடிநீரைச் சோதிக்க ஆள் வேண்டும். அதைவிட, மீன். பிடித்த சூரையை உடனே ஐஸில் போடாவிட்டால் பக்டீரியா அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளை உண்டாக்கிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. ஏற்றுமதிக்குப் போகும் மீனில் அதை அளந்தே ஆகவேண்டும். அளக்க டாக்டர் வேண்டியதில்லை, கை பழகிய ஒருவர் போதும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். சூரணத்தில் வேறு இலை கலந்திருக்கிறதா என்று நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்லலாம். அதுவும் ஒரு தொழில்தான். (ஆஸ்பத்திரி ஆய்வுகூட வேலைக்கு வழி வேறு, இங்கே அதை விட்டுவிடுகிறேன்.)

வேலைகள் ஏராளம் என்று பொய் சொல்லமாட்டேன். சிதறிக் கிடக்கின்றன. கடற்கரையோரம் தேடிப் போய்க் கேட்கிற கல்லூரிக்குத்தான் அவை தெரியும்.

என்ர காலத்துப் பள்ளியில் நுணுக்குக்காட்டி இருந்தது, அலமாரியில், பூட்டுக்குள். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு நாள் வெங்காயத் தோலைப் பார்த்தோம். மிச்சமெல்லாம் ரியூஷன் நோட்ஸ். 'ஏ' எடுத்தவனுக்கும் திரவத்தை அளந்தெடுக்கும் குழாயியைப் பிடிக்கத் தெரியாது. மகளும் அப்படித்தான் படித்திருப்பாள், அவள் பிழையில்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் திருமலை நிலையத்துக்கு ஒருதரம் போய்வாருங்கள். தொழினுட்பக் கல்லூரியில் என்.வி.கியூ (தேசிய தொழிற்றகைமை) 5, 6 பற்றியும் விசாரியுங்கள், அவை டிப்ளோமா மட்டம். எங்கே போனாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் பிள்ளையின் கை கருவியில் இருக்கும்? வேலைப் பயிற்சிக்கு எந்த இடத்துக்கு அனுப்புவீர்கள்? இடத்தின் பெயரைச் சொல்லாமல் மழுப்பினால் காசு கட்டாதீர்கள்.