எந்த ஆட்டத்துக்கு உங்கள் சனிக்கிழமையைக் கொடுப்பது?

கேள்வி: ஸ்காபரோவில் வசிக்கிறேன். வார நாட்களில் இரவு வேலை. பதின்மூன்று வயது மகள் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் என்றால் உயிரை விடுவாள். அவளோடு உட்கார்ந்து ஹொக்கி பார்க்க ஆசை. ஆனால் ஒரு பருவத்தில் எத்தனை ஆட்டங்கள்! முதல் ஆட்டம், நட்சத்திர வீரர் ஆடும் ஆட்டம் என்று தேடிப் பார்த்தவற்றில் பாதி சப்பென்று போயின. எவற்றைப் பார்க்கலாம்? ஒரு தடவை அரங்குக்கும் கூட்டிப்போக வேண்டும். சனிக்கிழமைகளில் உறவினர் விழாக்கள் வேறு. என்ன செய்வது?
— ஒரு தகப்பன், ஸ்காபரோ

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

லீஃப்ஸ் ஆடும் வட அமெரிக்க ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லில் 32 அணிகள். 2025-26 வரை அணிக்கு 82 ஆட்டங்கள் இருந்தன. 2026-27 பருவத்திலிருந்து 84. முழுவதையும் பார்ப்பவருக்குக் குடும்பம் இருக்காது, இருந்தாலும் நிலைக்காது. உங்களுக்கு இருபது ஆட்டம் தாராளம்.

யார் ஆடுகிறார் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். தோற்றால் யாருக்கு வலிக்கும் என்று பாருங்கள். இரண்டு பக்கமும் வலிக்கும் ஆட்டம்தான் உங்கள் சனிக்கிழமைக்குத் தகுதியானது. பருவத்தின் முதல் ஆட்டம் பாதிக்கு மேல் சடங்கு. ஜனவரியில் முன்னணி அணி கடைநிலை அணியைச் சந்திக்கும் இரவில், எவ்வளவு பெரிய நட்சத்திரமும் அறுபது நிமிடத்தில் ஏறக்குறைய இருபது நிமிடம்தான் பனித்தளத்தில் நிற்பார். அந்த இருபதையும் அவர் வியர்க்காமல் கழித்துவிட்டுப் போகலாம்.

கோடையில் அட்டவணை வெளியானதும் சில ஆட்டங்களை மட்டும் குறித்து வையுங்கள். மொன்றியல் கட்டாயம். லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தை 24 தடவை வென்ற அணி அது. கடைசியாக வென்றது 1993இல். ரொறன்ரோவுக்கோ 1967க்குப் பின் கிண்ணமே இல்லை. இரண்டு பழைய வீட்டுக்காரர்களின் வேலிச்சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், தரவரிசை எப்படி இருந்தாலும் சூடு குறையாது. அடுத்தது ஒட்டாவா. 2025 வசந்தத்தில், கிண்ணத்துக்கான பிளேஓஃப் என்ற வெளியேற்றச் சுற்றுகளில், ரொறன்ரோ அவர்களை முதல் சுற்றிலேயே ஆறு ஆட்டங்களில் வெளியேற்றியது. அதை அவர்கள் அவ்வளவு எளிதில் மறக்க மாட்டார்கள். எட்மன்ரன் ரொறன்ரோவுக்கு ஆண்டில் ஒரே தடவைதான் வரும். அதன் நட்சத்திரம், பக்கத்து ரிச்மண்ட் ஹில்லில் பிறந்த கொனர் மக்டேவிட், சொந்த ஊரார் முன் சும்மா ஆடிவிட்டுப் போகிறவர் அல்லர். மிச் மார்னர் ஒன்பது பருவங்கள் ரொறன்ரோவுக்கு ஆடிவிட்டு 2025 கோடையில் லாஸ் வேகாஸ் அணிக்குப் போனவர். அவர் திரும்பி வரும் இரவில் கூச்சல் போடுவதா கைதட்டுவதா என்பதை உங்கள் மகளிடமே கேளுங்கள். அவளிடம் நிச்சயம் ஓர் உறுதியான கருத்து இருக்கும்.

மிச்சத்தை முன்கூட்டிக் குறிக்காதீர்கள். பெப்ரவரிக்குப் பிறகு வாரம் ஒரு தடவை புள்ளிப் பட்டியலைத் திறவுங்கள். 32இல் 16 அணிகள் பிளேஓஃப் போகும்: நான்கு பிரிவிலும் முதல் மூன்று, அதன்மேல் லீக்கின் கிழக்குப் பாதியிலும் மேற்குப் பாதியிலும் அடுத்த இரண்டிரண்டு. உச்சியைப் பார்க்க வேண்டாம், உள்ளே போவோரையும் வெளியே நிற்போரையும் பிரிக்கும் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோட்டின் இரு கரையில் நிற்கும் ஒரே பிரிவு அணிகள் மார்ச்சில் மோதினால், ஹொக்கிக்காரர்கள் அதை ‘நான்கு புள்ளி ஆட்டம்’ என்பார்கள். வெற்றிக்கு இரண்டு புள்ளி. எதிராளிக்குக் கிடைத்திருக்கக்கூடிய இரண்டும் போயிற்று. அதில் ரொறன்ரோ ஆடாவிட்டாலும் பாருங்கள்.

இதில் ஒரு குறை உண்டு, எனக்கு அது பிடிப்பதே இல்லை. மேலதிக நேரத்தில் தோற்றாலும் ஒரு புள்ளி கிடைக்கும். ஆகவே சமநிலையில் இருக்கும் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் இரண்டு அணியும் பதுங்கும். தேநீர் போடுவதென்றால் அப்போது போடுங்கள். அதற்குப் பின் வரும் மேலதிக நேரத்தில் மூவருக்கு மூவர், ஐந்து நிமிடம். அப்போது எழுந்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

களைப்பையும் கணக்கில் எடுங்கள். முதல் நாள் இரவு வேறு ஊரில் ஆடிவிட்டு வரும் அணி, மறுநாள் பெரும்பாலும் இரண்டாவது கோல் காப்பாளரையே நிறுத்தும். அப்படிப்பட்ட இரவுகளைத் தவிர்க்கலாம்.

எந்தக் கணக்கிலும் அகப்படாத இரவும் உண்டு. 2020 பெப்ரவரி 22, சனிக்கிழமை. கரோலைனாவின் கோல் காப்பாளர் இருவரும் காயப்பட, பனித்தளத்தைச் சீராக்கும் வண்டியை ஓட்டிய 42 வயது டேவிட் ஏயர்ஸ் கோல் காக்க இறங்கினார். எட்டு அடிகளைத் தடுத்தார். ரொறன்ரோ சொந்த அரங்கில் 6-3 என்று தோற்றது. எனவே இருபதில் மூன்று நான்கை மகள் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கட்டும்.

பிளேஓஃபில் ஏழில் நான்கை முதலில் வெல்லும் அணி முன்னேறும். நேரம் குறைவென்றால் ஒவ்வொரு தொடரிலும் ஐந்தாவது ஆட்டத்திலிருந்து சேர்ந்துகொள்ளுங்கள். 2024 இறுதியில் எட்மன்ரன் மூன்று தோற்று, மூன்று வென்று, ஏழாவதை 2-1 என்று புளோரிடாவிடம் இழந்தது. ரொறன்ரோவின் ஏழாவது ஆட்டம் வந்தால் மகளைத் தனியே பார்க்க விடாதீர்கள். 2013இல் பொஸ்ரனிடம் கடைசிப் பகுதியான மூன்றாம் பகுதியில் 4-1 என்று முன்னின்று 5-4 என்று தோற்றவர்கள், 2025இல் புளோரிடாவிடம் 6-1 என்று வீழ்ந்தவர்கள். பக்கத்தில் ஒரு தோள் வேண்டும்.

அரங்குக்கு முதலில் லீஃப்ஸ் ஆட்டத்துக்குப் போகாதீர்கள். மகளிர் தொழில்முறை லீக்கின் ரொறன்ரோ செப்ரர்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். 2024 ஜனவரி 1 அன்று அந்த லீக்கின் முதல் ஆட்டமே ரொறன்ரோவில்தான் நடந்தது. வழக்கமான நேரத்துக்குள் வென்றால் அங்கே மூன்று புள்ளி, மேலதிக நேரத்தில் வென்றால் இரண்டுதான். பதுங்குவதால் ஆதாயம் இல்லை. நுழைவுச்சீட்டு விலையும் நெஞ்சை அடைக்காது. பிறகு லீஃப்ஸைப் பார்க்க ஒரு வார நாள் விடுப்பு எடுங்கள், மொன்றியல் வரும் சனிக்கிழமையைவிட மலிவாகக் கிடைக்கும். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வீரர்கள் உடலைச் சூடேற்ற வரும்போது மகள் கண்ணாடியருகே நிற்கலாம்.

விழாக்களைப் பற்றி: நெருங்கிய உறவென்றால் போங்கள், மொன்றியல் ஆடினாலும். தூரத்து உறவின் பிறந்தநாளென்றால் அன்பளிப்பை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள், ஆனால் பருவத்தில் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். போயே ஆகவேண்டிய நாளில் ஆறு மணிக்கே மண்டபத்தில் நில்லுங்கள். எப்படியும் முன்வரிசையில் இடம் இருக்கும். ஏழு மணி ஆட்டத்தின் மூன்றாம் பகுதி ஒன்பது மணியளவில்தான் தொடங்கும். கேக் வெட்டியதும் கிளம்பினால் வீட்டுக்கு வந்து அதைப் பார்க்கலாம். சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்லுங்கள்.