கேள்வி – பதில்: புதினுக்குப் போன கடிதங்கள்

இந்த முறை வந்தவற்றில் நான்கு கேள்விகள் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. அதனால் மற்ற வாசகர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

*கேள்வி: எங்கள் குடும்ப நண்பர் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபையைச் சேர்ந்தவர். 2017-இல் ரஷ்யா அவர்கள் மதத்தைத் தடை செய்யப் போகிறது என்றதும் ராத்திரி உட்கார்ந்து அதிபர் புதினுக்குக் கடிதம் எழுதினார். தடை வந்தேவிட்டது. இப்படி மனுப் போடுவதில் என்ன பிரயோஜனம்?*

பதில்: உங்கள் நண்பர் ஒரு கடிதத்தோடு நிறுத்தியிருப்பார் என்று தோன்றவில்லை. அந்த மார்ச் மாதம் அவர்களுடைய சபை ஆறு பேருக்கு எழுதச் சொன்னது: அதிபர், பிரதமர், வெளியுறவு அமைச்சர், நீதி அமைச்சர், அரசுத் தலைமை வழக்கறிஞர், உச்ச நீதிமன்றத் தலைவர். உலகம் முழுக்க இருக்கிற 80 லட்சத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளுக்கு அந்த அழைப்பு போனது. அவர்களைத் தீவிரவாத அமைப்பு என்று அறிவித்துக் கலைக்கக் கோரி ரஷ்ய நீதி அமைச்சகம் வழக்குப் போட்டது மார்ச் 15. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஏப்ரல் 20. நடுவில் ஐந்தே வாரம். வெளிநாட்டுத் தபால் மாஸ்கோ போய்ச் சேர்ந்து, பிரித்து, மேஜைக்கு வரவே அது போதாது. தலைமையகத்தையும் 395 உள்ளூர் அமைப்புகளையும் கலைக்க உத்தரவாயிற்று, சொத்து அரசுக்கு. ஜூலை 17-இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. ரஷ்யாவில் மட்டும் சுமார் 1.75 லட்சம் பேர் ஒரே நாளில் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள்.

நான் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலை பார்த்தவன். மேலே யார் பெயர் போட்டிருக்கிறதோ, அவர் மனுவைப் படிப்பது அபூர்வம். உறையைப் பிரிப்போம், தேதி முத்திரை குத்துவோம், ந.க. எண் போட்டுப் பிரிவுக்கு அனுப்புவோம். ஒரே வாசகத்தில் கட்டுக் கட்டாக வந்தால் முதல் ஒன்றைத்தான் படிப்போம். மற்றவற்றுக்கு எண்ணிக்கை மட்டும் குறித்துக்கொள்வோம். மாஸ்கோவிலும் குமாஸ்தா குமாஸ்தாதானே.

ஆகவே மனுவின் பலன் அது யார் கைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. ரஷ்யாவிலேயே இதற்கு உதாரணம் உண்டு, நமக்குச் சம்பந்தப்பட்டதும்கூட. 2011-இல் சைபீரியாவின் தோம்ஸ்க் நகரில் இஸ்கான் அமைப்பின் பகவத் கீதை உரையைத் தீவிரவாத நூல் என்று அறிவிக்கக் கோரி அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றம் போனார்கள். அங்கிருந்த பக்தர்கள் கதறியது ஒரு பக்கம். டெல்லியில் மக்களவையில் அமளி, வெளியுறவு அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா ரஷ்யத் தூதரை அழைத்துப் பேசினார். டிசம்பர் 28 அன்று நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதே தீவிரவாதத் தடுப்புச் சட்டம்தான். கீதைக்காகக் கேட்க ஒரு பெரிய தேசம் இருந்தது. சாட்சிகளுக்கு எந்த தேசமும் இல்லை. அவர்கள் ஓட்டும் போடுவதில்லை, ராணுவத்துக்கும் போவதில்லை. அவர்களுக்காகக் குரல் கொடுத்து எந்த அரசியல்வாதிக்கும் லாபமில்லை.

*கேள்வி: துப்பாக்கியையே தொட மாட்டோம் என்கிறவர்கள் எப்படித் தீவிரவாதி ஆவார்கள்? எனக்குப் புரியவே இல்லை.*

பதில்: சட்டத்தைப் படித்தால் புரிந்துவிடும். 2002-இல் ரஷ்யா தீவிரவாதத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. சில வருடங்களில் அதைத் திருத்தினார்கள். வன்முறை இருந்தாக வேண்டும் என்கிற கட்டாயம் போயிற்று. தன் மதமே உயர்ந்தது என்று பிரச்சாரம் செய்தாலே போதும் என்றாயிற்று. அப்படிச் சொல்லாத மதம் எது, சொல்லுங்கள் பார்ப்போம்! வரையறை இவ்வளவு அகலமாக இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய கவுன்சிலின் சட்ட ஆலோசனைக் குழுவான வெனிஸ் ஆணையம் 2012-இலேயே எழுதியது. அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பைபிள் கதையையும் கேளுங்கள். கீதை வழக்கில் சூடு பட்ட பிறகும், 2015-இல் குர்ஆன் வசனங்கள் மீது வந்த ஒரு தீர்ப்பு பெரும் சர்ச்சையான பிறகும், ரஷ்யா புதிதாக ஒரு சட்டம் போட்டது: பைபிள், குர்ஆன், யூத வேதம், பௌத்த நூல் தொகுதி, இவற்றைத் தீவிரவாத நூல் என்று அறிவிக்கக் கூடாது. (கீதை அந்தப் பட்டியலில் இல்லை என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.) அப்படியானால் சாட்சிகள் தாங்களே மொழிபெயர்த்த பைபிளை என்ன செய்வது? விபோர்க் நகர நீதிமன்றத்தில் நிபுணர் அறிக்கை வந்தது: இது பைபிளே அல்ல என்று. பிறகென்ன, 2017 ஆகஸ்டில் அந்த மொழிபெயர்ப்பையும் தீவிரவாத நூல் என்று நீதிமன்றம் அறிவித்தது.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. 2018 டிசம்பரில் ரஷ்ய அதிபரின் மனித உரிமைக் கவுன்சில் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவர்களும் கிறிஸ்தவர்கள்தானே, ஏன் துன்புறுத்துகிறார்கள் என்று தனக்கே சரியாகப் புரியவில்லை என்ற பொருளில் புதினே சொன்னார். இரண்டு மாதம் கூட ஆகவில்லை. ஓர்யோல் நகரில், 2017 மே மாதம் வழிபாட்டுக் கூட்டத்தில் கைது செய்யப்பட்டிருந்த டென்மார்க்காரர் டென்னிஸ் கிறிஸ்டென்சனுக்கு ஆறு வருடச் சிறை விதித்தார்கள். அதிபர் வாயால் சொல்லியும் கோப்பு அதன் பாட்டுக்கு நகர்ந்தது. நாங்கள் நல்லவர்கள், எங்களை விட்டுவிடுங்கள் என்று எழுதிய கடிதங்கள் என்ன செய்திருக்கும்? சட்டத்தின் வரையறையை மாற்று என்று கேட்டிருந்தாலாவது கேள்வி சரியாக இருந்திருக்கும்.

*கேள்வி: ரத்தம் ஏற்ற மாட்டார்கள், தேசிய கீதம் பாட மாட்டார்கள். இவர்களுக்காக நான் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்?*

பதில்: ரத்த விஷயத்தில் எனக்கும் அவர்களோடு உடன்பாடு கிடையாது, அதுவும் குழந்தைகள் விஷயத்தில் சுத்தமாகக் கிடையாது. மனுவில் நீங்கள் கையெழுத்துப் போடுவது அவர்கள் கொள்கைக்கு அல்ல. ஒரு வீட்டில் நாலு பேர் கூடி வேதம் படித்தால் சிறை என்பதற்கு எதிராக. தேசிய கீத விவகாரத்தை நம் உச்ச நீதிமன்றம் 1986-லேயே தீர்த்துவிட்டது. கேரளத்தில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகள், பாடவில்லையே தவிர, மரியாதையாக எழுந்து நின்றார்கள். அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது நீதிமன்றம்.

*கேள்வி: இனிமேல் எழுதினால் யாருக்கு எழுதலாம்?*

பதில்: கிரெம்ளினுக்கு வேண்டாம். உங்கள் தொகுதி எம்.பி.க்கும் உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கும் எழுதுங்கள். ஒரே பக்கம் போதும். ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 282.2 பிரிவு என்று குறிப்பிடுங்கள். தடை செய்யப்பட்ட அமைப்பை நடத்தினால் ஆறு முதல் பத்து வருடம் வரை தண்டனை தரும் பிரிவு அது. 2022 ஜூன் 7 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இந்தத் தடையே தவறு, சிறையில் இருப்பவர்களை விடுங்கள் என்று சொன்னதையும் சேருங்கள். நாலே நாளில், அந்த நீதிமன்றத்தின் புதிய தீர்ப்புகளை மதிக்க மாட்டோம் என்று ரஷ்யா தனிச் சட்டம் போட்டுவிட்டது, அது வேறு விஷயம்.

பழைய கதை ஒன்று. 1951 ஏப்ரலில் ஸ்டாலின் அரசு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் குடும்பத்தோடு ரயிலில் ஏற்றி சைபீரியாவுக்கு அனுப்பியது. 1956-57-இல் உலகெங்கும் அவர்களுடைய மாநாடுகளில் தீர்மானம் போட்டு சோவியத் பிரதமர் புல்கானினுக்கு மனு அனுப்பினார்கள். ஏற்றவர்கள் சுமார் 4.6 லட்சம் பேர். 1965-இல் நாடு கடத்தல் கெடுபிடி நீங்கியது, 1991 மார்ச்சில்தான் மதத்துக்குப் பதிவு கிடைத்தது. மனுவால் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். கொர்பச்சேவ் காலத்துத் தளர்ச்சிதான் காரணம்.

அப்புறம், சிறையில் இருப்பவருக்கே எழுதலாம். கடிதம் ரஷ்ய மொழியில் இருந்தால்தான் தணிக்கையைத் தாண்டும். வழக்கைப் பற்றியோ அரசைப் பற்றியோ எழுதாதீர்கள். தோட்டத்தில் என்ன பூத்தது, பேத்தி என்ன படிக்கிறாள் என்று எழுதினால் போதும். உறையில் பெறுபவர் பெயரோடு பிறந்த வருடத்தையும் போட மறக்க வேண்டாம்.