முதல் கைத்துப்பாக்கி: டெக்சாஸ் தமிழர்கள் கேட்டதும் என் பதில்களும்

ஹூஸ்டன் பக்கம் வார இறுதிகளில் கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கிறேன். வகுப்புக்கு வரும் நம்மவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். தற்காப்புக்காக உடன் வைத்துக்கொள்ள, கையாளச் சுலபமான துப்பாக்கி எது என்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். டெக்சாஸ் சட்டமும் அமெரிக்க மத்திய சட்டமும் எனக்குப் பழக்கம். வேட்டை, ரைபிள் பற்றி வந்தவற்றை ஒதுக்கிவிட்டேன்.

சுகர் லேண்டிலிருந்து ஓர் அம்மா: எனக்கு வயது 61, விரல் மூட்டுகளில் வாதம். கடையில் ஒரு குட்டி ரிவால்வரைக் காட்டி, "பெண்களுக்கு இதுதான் சரி, ஸ்லைடு இழுக்கிற வேலையே இல்லை" என்றார்கள் (ஸ்லைடு: பிஸ்டலில் தோட்டாவை ஏற்றப் பின்னே இழுக்கும் மேல்பகுதி). வாங்கலாமா?

வேண்டாம் அம்மா. அவர்கள் காட்டியது அநேகமாக ஸ்மித் அண்ட் வெஸன் 642 மாதிரி ஒன்றாக இருக்கும். ஐந்து தோட்டா, எடை 410 கிராம்தான். கையில் வாங்கியதும் "அட, இவ்வளவு லேசா!" என்று தோன்றும். அந்த லேசுதான் பிரச்சினை. தோட்டா வெடிக்கும்போது வரும் பின்னுதைப்பைத் துப்பாக்கியின் எடை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். எடை இல்லாவிட்டால் அத்தனையும் உங்கள் கட்டைவிரல் மூட்டுக்கும் மணிக்கட்டுக்கும் வரும்.

அடுத்தது டிரிகர். இந்த ரகத்தில் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 12 பவுண்டு விசையில், நீளமாக இழுக்க வேண்டும். வலிக்கிற விரலால் இழுத்தால் முனை கீழே சாயும், குண்டு இலக்குக்குக் கீழே போகும். இரண்டாவது தோட்டாவிலேயே கண்ணை மூடிக்கொள்பவர்களைச் சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சில் பார்க்கிறேன். அப்புறம் அந்தத் துப்பாக்கி அலமாரிக்குப் போய்விடும், பயிற்சியும் நின்றுவிடும்.

நீங்கள் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியது ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈஸி. .380 என்ற விசை குறைந்த தோட்டா போடும் ரகம் 2018-இல் வந்தது, எடை 525 கிராம் அளவில். 9 மி.மீ. தோட்டா போடும் ரகம் 2020-இல் வந்தது, 660 கிராம் அளவில். இரண்டிலும் எட்டுத் தோட்டா மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி). ஸ்லைடு மெதுவாக வரும். மேகசினின் பக்கவாட்டில் ஒரு குமிழ் உண்டு; அதை அழுத்திக்கொண்டே தோட்டா போட்டால் விரல் நுனி நோகாது. பிடியின் பின்பக்கத்தில் ஒரு பாதுகாப்புப் பட்டை இருக்கிறது. பிடியை முழுதாகப் பற்றினால்தான் அது உள்ளே அழுந்தும், துப்பாக்கி சுடும். பழையதாக 9 மி.மீ. வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள்: 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை தயாரானவற்றை, சுத்தியலில் (டிரிகரை இழுத்ததும் அடிக்கும் உள்பாகம்) குறை என்று நிறுவனமே திரும்ப அழைத்தது. வரிசை எண்ணைச் சொல்லிச் சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

ஸ்லைடை இழுக்கத் தெரியாமல் "என்னால் முடியவில்லை" என்பவர்கள்தான் அதிகம். துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகே கொண்டுவாருங்கள். முனை பாதுகாப்பான திசையில், விரல் டிரிகருக்கு வெளியே. இடக்கையின் நான்கு விரல்களும் உள்ளங்கையும் ஸ்லைடின் பின்பகுதியை மேலிருந்து பற்றட்டும். இடக்கையால் இழுக்கும் அதே நேரத்தில் வலக்கையால் துப்பாக்கியை முன்னே தள்ளுங்கள். ஊறுகாய் பாட்டிலைத் திறக்கும்போது மூடியை ஒரு பக்கமும் பாட்டிலை மறுபக்கமும் திருப்புவோமே, அதுபோல. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கிள்ளி இழுத்தால் பயில்வானுக்கும் கஷ்டம்தான்.

இர்விங்கிலிருந்து: எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். சிக் பி365 நல்லதா, கிளாக் 43எக்ஸ் நல்லதா?

தம்பி, இரண்டும் உங்களுக்கு இல்லை. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் தடை செய்கிறது, 18 யு.எஸ்.சி. 922(ஜி)(5) பிரிவைப் படித்துப் பாருங்கள். டெக்சாஸ் சட்டம் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் இதை மாற்றாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். கடையில் நிரப்பும் 4473 படிவத்திலும் இந்தக் கேள்வி நேரடியாகவே இருக்கிறது. அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் ஓர் இணையக் காணொளியைப் பார்த்துவிட்டு அதை நம்பி இறங்காதீர்கள். உங்கள் கிரீன் கார்டு வரிசையே பணயம். முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

பிளேனோவிலிருந்து: எனக்கு எச்-4 (எச்-1பி-காரரின் குடும்பத்தாருக்கான விசா), வேலை அனுமதி அட்டை இருக்கிறது. நான் வாங்கலாமா?

முடியாது. வேலை அனுமதி வேறு, விசா நிலை வேறு.

ஃப்ரிஸ்கோவிலிருந்து: கிரீன் கார்டு இருந்தால்?

வாங்கலாம். மற்ற தகுதிகள் குடிமக்களுக்கு இருப்பவையே.

கேட்டி என்ற ஊரிலிருந்து ஒரு வாசகி: ஜீன்ஸ் அதிகம் போடுவதில்லை, சுடிதார்தான். அதனால் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சகோதரி, தயவுசெய்து வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலம் ஹேடன் ஊரில், ஒரு வால்மார்ட் கடையில், இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டது. தாய் அங்கேயே இறந்துபோனார். அந்தப் பை துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை வைத்துத் தைத்தது. கடைத் தள்ளுவண்டியில் உட்கார்ந்த பிள்ளைக்குப் பை எட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான் நடந்த தவறு. பையைக் கீழே வைப்போம், நாற்காலியில் மாட்டுவோம், கோயிலில் தோழியிடம் பிடிக்கக் கொடுப்போம். உடம்பில் இருக்கும் துப்பாக்கி மட்டும்தான் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்.

சுடிதாருக்கு வயிற்றுப்பட்டை ரகம் பாருங்கள். ஆனால் வெறும் துணியாக இருக்கக்கூடாது; டிரிகரை முழுக்க மூடும் கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறை அதில் இருக்க வேண்டும். வீட்டில் இரும்புப் பெட்டி கட்டாயம். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கைக்கு எட்டும்படி, சுடத் தயாரான துப்பாக்கியை அலட்சியமாக வைத்தால் டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 46.13 பாயும்.

ஆஸ்டினிலிருந்து: .380 என்றாலே சுலபம், 9 மி.மீ. என்றாலே கஷ்டம், சரிதானே?

பாதிதான் சரி. .380 தோட்டாவின் விசை குறைவு. ஆனால் அது எந்தத் துப்பாக்கியில் இருக்கிறது என்பது முக்கியம். ரூகர் எல்சிபி .380 தான், 270 கிராம் அளவே எடை என்பதால் கையைச் சுள்ளென்று அடிக்கும். வால்தர் பிபிகே பார்க்க அழகு. ஆனால் அதில் பேரல் (குழல்) ஸ்லைடோடு பூட்டிக்கொள்ளும் அமைப்பு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் வெடிவிசையைத் தடுக்க வேண்டும், அதனால் ஸ்பிரிங் கெட்டி, இழுப்பதும் கஷ்டம். பேரல் பூட்டும் அமைப்புள்ள .380-களான ஷீல்டு ஈஸி, கிளாக் 42, ரூகர் செக்யூரிட்டி-380 எல்லாம் மென்மையானவை. கை நன்றாக இருப்பவர் 9 மி.மீ.க்கே போகலாம். பயிற்சித் தோட்டாவும் மலிவு.

பியர்லேண்டிலிருந்து, இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்: எல்லாருக்கும் விதவிதமான மாடல் சொல்கிறீர்கள். சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) தோட்டா இல்லாமல் வைத்துக்கொள்ளச் சொன்னால் பாதி விபத்து குறையுமே? எங்களுக்கு அப்படித்தான் பழக்கினார்கள்.

ஐயா, உங்களுக்குப் பழக்கியது சரி. நீங்கள் கையாண்டது இஷாப்பூரில் செய்த 9 மி.மீ. 1ஏ பிஸ்டலாக இருக்கும். பழைய பிரவுனிங் ஹை-பவரின் வழி வந்தது. தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியைத் தடுத்து நிறுத்தும் உள்பூட்டு அதில் இல்லை. அந்தத் துப்பாக்கிக்கு அந்தப் பழக்கம் புத்திசாலித்தனம். இன்றைய பிஸ்டல்கள் பெரும்பாலும் வேறு. கிளாக் 1982-இல் ஆஸ்திரிய ராணுவத்துக்குப் போனபோதே, டிரிகரை இழுத்தால் ஒழிய ஊசி நகராதபடி பூட்டு இருந்தது. அப்படிப்பட்ட பூட்டு உள்ள, நல்ல நிலையில் இருக்கும் பிஸ்டலில், கீழே விழுந்ததால் சுட்டுவிடும் என்ற பயத்தில் சேம்பரைக் காலியாக வைக்கும் தேவை இல்லை.

அவரே மீண்டும்: இயந்திரத்தை நம்பலாம், மனிதரை எப்படி நம்புவது? ஸ்லைடு இழுக்க ஒரு விநாடிகூட ஆகாது.

ரேஞ்சில் ஆகாது, ஐயா. ஆனால் ஸ்லைடு இழுக்க இரண்டு கை வேண்டும். வாகன நிறுத்துமிடத்தில் ஒருவன் பாய்ந்து வந்தால், உங்கள் மறு கை அவனைத் தடுத்துக்கொண்டிருக்கும், அல்லது பேத்தியின் கையைப் பிடித்திருக்கும். பதற்றத்தில் ஸ்லைடைப் பாதி இழுத்து விட்டால் தோட்டா குறுக்கே சிக்கும். மேலே எழுதிய அம்மாவை நினைத்துப் பாருங்கள். மூட்டு வலியோடு அந்த நேரத்தில் இழுப்பாரா?

கேட்டி வாசகி குறுக்கிட்டு: எனக்கு ஐயா சொல்வதுதான் மனசுக்கு ஒத்துவருகிறது. தோட்டா உள்ளே இருக்கிறது என்று நினைத்தாலே பயம்.

அந்தப் பயத்தை மதிக்கிறேன். பயம் இருக்கும்வரை வெளியே எடுத்துப் போகாதீர்கள், அதுதான் என் பதில். சில வாரம், தோட்டாவே இல்லாத துப்பாக்கியை உறையில் போட்டு, வீட்டு வேலை முழுதையும் செய்யுங்கள். குனியுங்கள், பிள்ளையைத் தூக்குங்கள், துணி காயப்போடுங்கள். ராத்திரி பார்த்தால் டிரிகர் தானாக இழுபட்டிருக்காது. கட்டைவிரல் பூட்டு உள்ள மாடலையும் பாருங்கள். ஷீல்டு ஈஸி அப்படியும் கிடைக்கிறது. ஆனால் பூட்டு இருந்தால், எடுக்கும்போதே அதைத் தட்டி இறக்கும் பழக்கமும் கைக்கு வர வேண்டும்.

ஐயா, மனிதரை நம்ப முடியாது என்று நீங்கள் சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து உறையிலும் விரலிலும் இருக்கிறது. தற்செயலாக வெடித்த சம்பவங்கள் எனத் தெரியவருபவற்றில் பல சமயம், துப்பாக்கியை உறைக்குள் திருப்பிச் செருகும்போது விரலோ சட்டை நுனியோ டிரிகரில் மாட்டியிருக்கும். எடுப்பதில் வேகம் பழகலாம். திரும்ப வைக்கும்போது அவசரமே கூடாது. சட்டையை விலக்கி, உறையைக் கண்ணால் பார்த்து, மெதுவாக.

அவரே: இதை மட்டும் ஏற்கிறேன். ஆனாலும் என் துப்பாக்கியின் சேம்பர் காலியாகவே இருக்கும்.

உங்கள் கைப்பழக்கம் உங்களுக்கு உதவும், ஐயா. புதிதாக வருபவருக்கு அதைச் சொல்லித்தர மாட்டேன்.

ரிச்சர்ட்சனிலிருந்து: நானும் எச்-1பி. வாங்கவில்லை, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டால்?

கையில் பிடித்தாலே வசம் வைத்திருப்பதுதான். மேலே இர்விங் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள். எஃப்-1, எல்-1, பி-2 என்று இன்னும் பலர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் அதே பதில்தான், விசா எழுத்து மாறினால் சட்டம் மாறாது. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை ஆசைக்கு ரேஞ்சுக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

சென்னையிலிருந்து: இங்கே எது வாங்கலாம்?

இந்தியாவில் 9 மி.மீ. தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். உரிமம் உள்ளவர்கள் பெரும்பாலும்.32 தான் வைத்திருக்கிறார்கள். மீதியை உங்கள் காவல் ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள், என் எல்லை அதற்கு மேல் இல்லை.

ரவுண்ட் ராக்கிலிருந்து: 2021-க்குப் பிறகு உரிமமே வேண்டாம் என்கிறார்களே?

2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதான, தடை ஏதும் இல்லாத ஒருவர் டெக்சாஸில் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். இருந்தாலும் எல்டிசி (கைத்துப்பாக்கி வைத்து நடமாட டெக்சாஸ் தரும் உரிமம்) எடுங்கள். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கொண்டுபோவதை மத்திய சட்டம் தடுக்கிறது. பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் உள்ளவருக்கு விலக்கு. நம் ஊர்களில் பள்ளியைத் தாண்டாமல் பால் வாங்கப் போக முடியுமா? வகுப்பு நான்கு முதல் ஆறு மணி நேரம். அப்புறம் 3, 7, 15 கஜ தூரங்களில் மொத்தம் 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். வாசலில் 30.06 (மறைத்துக் கொண்டுபோகத் தடை), 30.07 (வெளியே தெரியும்படி கொண்டுபோகத் தடை) என்று பலகை வைத்த இடங்களுக்கும், 51% என்று சிவப்பில் எழுதிய மதுக்கூடங்களுக்கும் கொண்டுபோகக்கூடாது. டெக்சாஸ் உரிமத்தை நம்பி நியூ ஜெர்சிக்கோ கலிஃபோர்னியாவுக்கோ காரில் கொண்டுபோனால் சிறைதான். அந்த இரண்டு மாநிலங்களும் வெளி உரிமம் எதையும் ஏற்பதில்லை.

பெயரும் ஊரும் வேண்டாம் என்று ஒருவர்: மனைவிக்குச் சில மாதமாக மனச்சோர்வு. நான் இரவு வேலை, அவள் தனியாக இருக்கிறாள். பாதுகாப்புக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?

இப்போது வாங்காதீர்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் போகும் உயிர்களில் பாதிக்கும் மேல் தற்கொலை. திருடனைவிட, ஒரு மோசமான இரவு உங்கள் வீட்டுக்கு வரத்தான் வாய்ப்பு அதிகம். மற்ற வழிகளில் பிழைத்துக்கொள்ள நேரம் கிடைக்கலாம், துப்பாக்கி அந்த நேரத்தைத் தராது. கதவுக்கு நல்ல பூட்டு, வெளியே விளக்கு, கேமரா போடுங்கள். முடிந்தால் வேலை நேரத்தை மாற்றப் பாருங்கள், அல்லது யாராவது உறவினரை வந்து தங்கச் சொல்லுங்கள். அவரை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம். ஏற்கெனவே வீட்டில் துப்பாக்கி இருந்தால் இன்றைக்கே வெளியே நம்பகமான ஒருவரிடம் சட்டப்படி ஒப்படையுங்கள்.

லீக் சிட்டியிலிருந்து: இவ்வளவு படிக்க நேரமில்லை, ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

உங்கள் கையை நான் பார்த்ததில்லை. வாடகைக்குக் கொடுக்கும் ரேஞ்சுக்குப் போய், நாலைந்து மாடல் சுட்டுப் பாருங்கள்.

சைப்ரஸிலிருந்து: ஷீல்டு ஈஸி வாங்கிவிட்டேன். எப்போது வெளியே எடுத்துப் போகலாம்?

பயிற்சித் தோட்டா 200 சுடுங்கள், சிக்காமல் ஓட வேண்டும். அப்புறம் நீங்கள் உண்மையில் போட்டுக்கொள்ளப்போகும் ஹாலோ பாயிண்ட் (முனை குழிந்த) தோட்டாவிலேயே 50. மணிக்கட்டைத் தளர விட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாமல் சிக்கும். அப்படி ஆனால் துப்பாக்கியைத் திட்டாமல் பிடியைச் சரிசெய்யுங்கள். ஏழு கஜத்தில் ஐந்து தோட்டாவும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழ வேண்டும், அதுவும் உறையிலிருந்து எடுத்துச் சுடும்போது. அது கைவந்த பிறகு எல்டிசி வகுப்புக்கு வாருங்கள். உறையையும் இடுப்புப் பட்டையையும் கொண்டுவாருங்கள், துப்பாக்கி காலியாக, பெட்டிக்குள் பூட்டி இருக்கட்டும்.